விசைகளின் கதை – 17: மருந்துக்காரர் கேட்ட எழுத்துகள்

மருந்துச் சீட்டில் ஒரு சின்ன மடிப்பு கூடினால் மருந்து எட்டு மடங்காகும். மிகைப்படுத்திச் சொல்லவில்லை. ஆங்கில மருத்துவம் சில நூறு ஆண்டுகள் கையாண்ட நிறுத்தலளவையில் டிராமுக்கு ʒ என்று ஒரு குறி, அவுன்ஸுக்கு ℥ என்று ஒரு குறி. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வால் ஒன்றுதான், இடுப்பு ஒன்றுதான். அவுன்ஸின் தலையில் மட்டும் கூடுதலாக ஒரு மடிப்பு. 8 டிராம் சேர்ந்தால் ஓர் அவுன்ஸ். சோடா உப்பில் அந்த மடிப்பு கூடிப்போனால் வயிறு கொஞ்சம் உப்பும். அபினிக் கரைசலில் கூடிப்போனால் ஆள் எழுந்திருக்க மாட்டார்.

சென்ற இதழில், தந்தி அலுவலகங்கள் பெரிய எழுத்து மட்டுமே உள்ள டைப்ரைட்டர்களைக் கேட்டு வாங்கிய கதையைப் பார்த்தோம். தந்திக்காரர்கள் எழுத்தைக் குறைக்கச் சொன்னார்கள். டாக்டர்களும் மருந்துக்கடைக்காரர்களும் கூட்டச் சொன்னார்கள். இடமே இல்லாத விசைப்பலகையில் இன்னும் நாலைந்து குறிகளை நுழைக்கச் சொன்னார்கள். கம்பெனிகள் நுழைத்தும் கொடுத்தன. ஆனால் மருந்துக்கடைக்கு டைப்ரைட்டர் இல்லாமல் முடியாது என்ற நிலை வந்தபோது அந்தக் குறிகளுக்கு அங்கே வேலை போய்விட்டது. இந்த வாரக் கதை அதுதான்.

முதலில் அந்த அளவையைக் கொஞ்சம் பழகிக்கொள்வோம். அடியில் இருப்பது கிரெயின். ஏறக்குறைய 65 மில்லிகிராம், நம் பொற்கொல்லர்களின் குன்றிமணியில் சுமார் பாதி. 20 கிரெயின் ஒரு ஸ்க்ரூப்பிள். 3 ஸ்க்ரூப்பிள் ஒரு டிராம். 8 டிராம் ஓர் அவுன்ஸ். 12 அவுன்ஸ் ஒரு பவுண்டு. இங்கேயே ஒரு கண்ணி இருக்கிறது. மளிகைக்கடை அவுன்ஸ் 28.35 கிராம், பவுண்டுக்கு 16. மருந்துக்கடை அவுன்ஸ் 31.1 கிராம், பவுண்டுக்கு 12. ஒரே தெருவில், ஒரே பெயரில், இரண்டு எடைகள்.

நீர்ம மருந்துக்குத் தனிக்கணக்கு. வெகுநாள் ‘சொட்டு’ என்றே எண்ணிக்கொண்டிருந்தார்கள். சொட்டின் பருமன் புட்டியின் வாயையும் மருந்தின் கெட்டித்தன்மையையும் பொறுத்தது என்பதால், 1809-ல் வந்த லண்டன் மருந்து நூல் சொட்டுக்குப் பதிலாக மினிம் என்ற அளவைக் கொண்டுவந்தது. 60 மினிம் ஒரு திரவ டிராம், 8 திரவ டிராம் ஒரு திரவ அவுன்ஸ். அதற்கு மேலே பைன்ட். பிரிட்டனில் பைன்ட்டுக்கு 20 அவுன்ஸ், அமெரிக்காவில் 16. நம்மூர் சர்க்கார் ஆஸ்பத்திரிக் கம்பவுண்டர்கள் மிக்சர் கலக்கியதும் இதே டிராம், அவுன்ஸ் கணக்கில்தான். பல் பல்லாக வெட்டிய காகிதத் துண்டைப் புட்டியின் பக்கவாட்டில் ஒட்டி, வேளைக்கு ஒரு பல் என்று காட்டுவார்களே, அந்த ஒவ்வொரு பல்லும் பெரும்பாலும் ஓர் அவுன்ஸ் அல்லது அரை அவுன்ஸ்.

இனி குறிகள். சீட்டின் தலையில் ℞. லத்தீனில் மருந்தாளரைப் பார்த்து ‘எடுத்துக்கொள்’ என்று சொல்லும் கட்டளையின் சுருக்கம் அது. எகிப்திய தெய்வத்தின் கண், வியாழன் கிரகத்தின் குறி என்றெல்லாம் கதை கட்டியிருக்கிறார்கள். இடைக்காலத்து எழுத்தர்கள் ஒரு சொல்லைச் சுருக்கியதைக் காட்ட எழுத்தின் காலில் குறுக்கே இழுத்த கோடு என்பதுதான் நம்பும்படியான விளக்கம். அடுத்து டிராமும் அவுன்ஸும். பிறகு ஸ்க்ரூப்பிள், ℈, பின்பக்கம் திரும்பி நிற்கும் ஓர் எழுத்தைப் போல. மினிமுக்கு, வால் நீண்டு வளைந்த சிறிய எம். ராசிக்கட்டத்தில் விருச்சிகத்துக்குப் போடும் குறியை ஒத்திருக்கும். கிரெயினுக்கு மட்டும் தனிக்குறி கிடையாது, இரண்டு சாதாரண எழுத்துகள் போதும்.

இந்தக் குறிகளோடு எண் சேரும்போதும் ஒரு தனி வழக்கம் உண்டு. நாம் காய்கறிப் பட்டியலில் எண்ணை முன்னால் வைத்து ‘2 கிலோ’ என்று எழுதுகிறோம். மருந்துச் சீட்டில் குறி முன்னால், எண் பின்னால். அந்த எண்ணும் ரோமன் எண், சிறிய எழுத்தில். இரண்டு என்றால் இரண்டு ஐ. கடைசி ஐ-க்கு ஒரு வால் இழுத்து ஜே ஆக்கிவிடுவார்கள். இதற்கு மேல் யாரும் ஒரு கோட்டைச் சேர்த்து இரண்டை மூன்றாக்க முடியாதபடி பூட்டுப் போடும் ஏற்பாடு. அரை என்பதற்கு அடுத்தடுத்து இரண்டு எஸ். ‘உடன்’, ‘இல்லாமல்’, ‘பிறகு’ போன்ற லத்தீன் சொற்களுக்கு ஒற்றை எழுத்து, அதன் தலைமேல் ஒரு கிடைக்கோடு.

எடுத்துக்காட்டாக ஒரு வயிற்று மிக்சரைப் பார்ப்போம். சோடியம் பைகார்பனேட் 2 டிராம். ஏலக்காய்க் கூட்டுக் கரைசல் 4 டிராம். புதினாத் தண்ணீர், மொத்தம் 6 அவுன்ஸ் ஆகும்வரை. வேளைக்கு அரை அவுன்ஸ், நாளைக்கு மூன்று வேளை, சாப்பாட்டுக்குப் பின். கையால் எழுதினால் ஐந்தே வரி, அரை நிமிட வேலை. இதையே 1880-களின் சாதாரண ரெமிங்டனில் அடிக்க உட்கார்ந்தால் முதல் எழுத்திலேயே கை நிற்கும், ℞-க்கு விசை இல்லை. இரண்டாம் வரியில் டிராமுக்கு விசை இல்லை. நான்காம் வரியில் அவுன்ஸுக்கு இல்லை. மொத்தம் ஐந்து இடத்தில் முட்டுக்கட்டை.

அடிப்பவர்கள் என்ன செய்தார்கள்? ℞-க்கு வழி கிடைத்தது: பெரிய ஆர் அடித்து, தாள் ஏந்திய வண்டியை ஓர் எழுத்து பின்னுக்குத் தள்ளி, அதன்மேல் சாய்கோட்டை அடித்தால் ஓரளவு ஒப்பேறும். டிராமும் அவுன்ஸும் அப்படி மசியவில்லை. இடத்தைக் காலியாக விட்டு அடித்துவிட்டு, தாளை உருவிய பிறகு பேனாவால் நிரப்ப வேண்டும். அவசரக்காரர்களுக்கு இன்னொரு குறுக்கு வழி கண்ணெதிரே இருந்தது. டிராம் குறி பார்ப்பதற்கு 3 போலத்தானே இருக்கிறது? 3 என்ற விசையையே தட்டிவிடலாமே! அதன் பக்கத்தில் இந்து-அரபு எண்ணில் 2 என்று வந்துவிட்டால், இரண்டு டிராம் முப்பத்திரண்டாகி நிற்கும். ரோமன் எண் வழக்கம் வீண் பகட்டு என்று தோன்றுகிறவர்கள் இந்த ஓர் இடத்தை யோசிக்கலாம்.

இயந்திரத்தின் பக்கமிருந்தும் பார்க்க வேண்டும். 1878-ல் வந்த ரெமிங்டன் இரண்டாம் மாதிரிதான் ஷிப்ட் விசையைக் கொண்டுவந்தது என்று முன்பே பார்த்தோம். அதிலிருந்து ஒரு டைப் பாருக்கு, அதாவது எழுத்தச்சைத் தாங்கும் கம்பிக்கு, இரண்டு எழுத்து, கீழே சிறியது, மேலே பெரியது. பிற்காலத்தில் நிலைபெற்ற அளவான 42 விசையில் 84 எழுத்து கிடைக்கும். ஆங்கில எழுத்துகளே 52-ஐ விழுங்கிவிடும். எண்கள், நிறுத்தக்குறிகள், டாலர், சதவீதம், அடைப்புக்குறி என்று மிச்சமும் போய்விடும். பல இயந்திரங்களில் 1 என்ற எண்ணுக்கே விசை கிடையாது. சிறிய எல் எழுத்தையே அதற்கும் தட்டிக்கொள்ள வேண்டியதுதான். ஒன்றாம் எண்ணுக்கே இடம் கொடுக்காதவர்கள் ஸ்க்ரூப்பிளுக்கு எங்கே கொடுப்பார்கள்?

இரண்டு பேர் வேறு வழியில் போனார்கள். ஒருவர் ஜேம்ஸ் பார்ட்லெட் ஹாமண்ட். அமெரிக்க உள்நாட்டுப் போரில் செய்தியாளராக இருந்தவர். 1880-களில் சந்தைக்கு வந்த அவருடைய இயந்திரத்தில் டைப் பார்களே இல்லை. கெட்டி ரப்பரில் வார்த்த ஒரு வளைந்த பட்டையில் எல்லா எழுத்தும் வரிசையாக இருக்கும். விசையைத் தட்டினால் பட்டை சுழன்று அந்த எழுத்து நடுவுக்கு வரும். தாளின் முதுகிலிருந்து ஒரு சுத்தியல் வந்து தாளை எழுத்தின் மேல் மோதும். விரல் அழுத்தமாகத் தட்டினாலும் மெல்லத் தட்டினாலும் சுத்தியலின் அடி ஒன்றுபோலவே விழும், அதனால் எழுத்தும் சீராக இருக்கும். இதைவிட முக்கியம், பட்டையைக் கழற்றி வேறு பட்டை மாட்டலாம். கிரேக்கம் ஒரு பட்டை, கணிதக்குறிகள் ஒரு பட்டை. பின்னால் வந்த மல்டிப்ளெக்ஸ் மாதிரியில் இரண்டு பட்டைகளை ஒரே நேரத்தில் பூட்டி வைத்து, ஒரு திருகலில் மாற்றிக்கொள்ளலாம். குறிகள் வேண்டும் என்றவர்களுக்கு அந்த நாளில் இதைவிடத் தோதான இயந்திரம் இல்லை. ஹாமண்ட் 1913-ல் இறந்தபோது தம் கம்பெனியை நியூயார்க்கின் மெட்ரோபாலிடன் கலைக்கூடத்துக்கு எழுதிவைத்துவிட்டுப் போனார் என்பது உபரித் தகவல். ஓவியங்களுக்கு நடுவே டைப்ரைட்டர் கம்பெனியை வைத்துக்கொண்டு அவர்கள் என்ன செய்வார்கள்? விற்றுவிட்டார்கள்.

மற்றவர் ஜார்ஜ் பிளிக்கென்ஸ்டெர்ஃபர். 1893 சிகாகோ உலகக் கண்காட்சியில் தம் இயந்திரத்தைக் காட்டினார். 28 விசை, ஒவ்வொன்றுக்கும் மூன்று எழுத்து, ஆக 84. எல்லாம் ஒரு சிறு சக்கரத்தில். ரிப்பனுக்குப் பதில் மை உருளை. சக்கரத்தைக் கழற்றி வேறு சக்கரம் மாட்டுவது ஒரு நொடி வேலை. யோசனை அளவில் இவை இரண்டும் பிந்தைய ஐ.பி.எம். எழுத்துப் பந்துக்கு முன்னோடிகள். ஆனால் அலுவலகங்கள் டைப் பார் இயந்திரத்தையே ஏற்றுக்கொண்டன. அடிக்கும் வரி கண்ணெதிரே தெரிகிற அண்டர்வுட் வந்தபின் சந்தை அந்தப் பக்கம் சாய்ந்தது. பட்டையும் சக்கரமும் ஓரம்கட்டப்பட்டன. மருந்துக்காரர்களும் டைப் பார் கம்பெனிகளின் வாசலுக்கே வர வேண்டியதாயிற்று.

அந்தக் கம்பெனிகள் மறுக்கவில்லை. டைப் பாரின் நுனியில் இருக்கும் எழுத்தச்சு ஈயப்பற்று வைத்து ஒட்டப்பட்டது. சூடு காட்டினால் கழலும், வேறு அச்சை வைத்துப் பற்றவைக்கலாம். விசையின் தலையில் உள்ள காகித வட்டத்தையும் மாற்றிவிட்டால் தீர்ந்தது. சொல்ல எளிது, செய்யக் கை வேண்டும். அச்சு ஒரு மயிரிழை சாய்ந்து ஒட்டினாலும் அந்த எழுத்து மட்டும் வரியில் குதித்துத் தெரியும். அதனால் பெரிய கம்பெனிகள் தொழிற்சாலையிலேயே தனி விசைப்பலகைகளைத் தயாரித்துத் தந்தன. வழக்கறிஞருக்குப் பிரிவுக்குறி, பொறியாளருக்கு டிகிரி, மருத்துவருக்கு ℞, டிராம், அவுன்ஸ், மினிம். இவை பெரும்பாலும் வலது ஓரத்து விசைகளில் குடியேறின. அரை, கால் பின்னங்களும் விலைக்குறியும் இருந்த இடம் அது. 1930-களிலும் 1940-களிலும் வந்த கோரோனா, ஸ்மித்-கோரோனா கையடக்க இயந்திரங்களில் இப்படி மருத்துவ விசைகள் கொண்டவை இன்றும் சேகரிப்பவர்களின் அலமாரிகளில் இருக்கின்றன. ஸ்க்ரூப்பிளுக்கு மட்டும் யோகம் குறைவு. அது டாக்டர்களின் கையெழுத்திலிருந்தே மெல்லப் போய்க்கொண்டிருந்தது. 20 கிரெயின் என்று எழுதினால் வேலை முடிந்துவிடுகிறதே.

மேல்கோட்டுக்கு இன்னொரு தந்திரம். எழுத்தை அச்சிட்டும் வண்டி நகராமல் நிற்கிற விசை. கோட்டை முதலில் தட்டினால் அது தாளில் விழும், வண்டி அசையாது. அடுத்து எழுத்தைத் தட்டினால் கோட்டின் கீழே சரியாக வந்து உட்காரும். தமிழ் டைப்ரைட்டிங் பழகியவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. நாமும் புள்ளியை முதலில் தட்டிவிட்டு மெய்யைத் தட்டியவர்கள்தான். 247 எழுத்தை நாற்பத்துச் சொச்சம் விசையில் அடைக்க, தமிழ் டைப்ரைட்டரை வடிவமைத்த ரா. முத்தையா என்ன பாடுபட்டார் என்பதைத் தமிழ் இயந்திரத்தின் அத்தியாயத்தில் விரிவாகப் பார்க்க இருக்கிறோம். அமெரிக்க டாக்டரின் இடநெருக்கடியும் அதே வகைதான், அளவில் சிறியது.

சரி, குறிகள் கிடைத்துவிட்டன. யார் அடித்தார்கள்? இங்கேதான் எனக்குச் சந்தேகம் எழுகிறது. மருந்துச் சீட்டு என்பது டாக்டர் நோயாளியின் எதிரில் உட்கார்ந்து எழுதுவது. அதற்கு இயந்திரத்தைத் தேடிப் போகும் டாக்டர்கள் மிகக் குறைவாகவே இருந்திருப்பார்கள். எழுதுவது நிமிட வேலை, கையெழுத்தும் போட்டாக வேண்டும். மருந்துக்கடைக்காரருக்குச் சீட்டு கையால் எழுதியே வந்து சேரும். அதன் நகலை அடிக்க, மொத்த வியாபாரிக்குக் கடிதம் எழுத, ஆஸ்பத்திரியின் வழக்கமான மிக்சர்களின் பட்டியலைத் தயாரிக்க, மாணவர்களுக்குப் பாடக்குறிப்பு எடுக்க என்று இந்த வகைக் காரியங்களுக்குக் குறிகள் பயன்பட்டன. பயன் உண்மைதான், ஆனால் குறுகிய பயன். புட்டியின் மேல் ஒட்டும் லேபிளில் இந்தக் குறிகளுக்கு வேலையே இல்லை. சீட்டில் இருக்கும் லத்தீனையும் டிராமையும் நோயாளிக்குப் புரிகிற பேச்சில் ‘ஒரு மேஜைக்கரண்டி, மூன்று வேளை, சாப்பாட்டுக்குப் பின்’ என்று மாற்றி எழுதுவதுதான் லேபிளின் வேலை.

அந்த லேபிள்தான் டைப்ரைட்டரை மருந்துக்கடைக்குள் நிரந்தரமாகக் கொண்டுவந்து உட்கார வைத்தது. வரலாறு இப்படிப் போகிறது. அமெரிக்காவில் 1914-ல் வந்த ஹாரிசன் போதைமருந்துச் சட்டம், அபின், கொக்கைன் வகை மருந்துகளின் சீட்டுகளை இரண்டு ஆண்டு பத்திரப்படுத்தச் சொன்னது. 1937-ல் சல்ஃபனிலமைடு மருந்தைத் தித்திப்பான ஒரு கரைப்பானில் கலந்து விற்றதில் நூறு பேருக்கு மேல் செத்தார்கள். கரைப்பான் நஞ்சா என்று சோதித்துப் பார்க்கும் கட்டாயம் அன்றைக்குச் சட்டத்தில் இல்லை. மறு ஆண்டே, 1938-ல், உணவு, மருந்து, ஒப்பனைப்பொருள் சட்டம் வந்தது. எந்த மருந்துக்குச் சீட்டு வேண்டும், எதற்கு வேண்டாம் என்ற குழப்பம் மட்டும் தீரவில்லை. அதைத் தீர்க்க 1951-ல் டர்ஹாம்–ஹம்ஃப்ரி திருத்தம் நிறைவேறியது.

சட்டத்துக்குப் பெயர் கொடுத்த இருவருமே மருந்தாளர்கள் என்பது பொருத்தம். கார்ல் டர்ஹாம் வட கரோலினாவின் சேப்பல் ஹில்லில் மருந்துக்கடையில் நின்றவர். ஹூபர்ட் ஹம்ஃப்ரி, பிற்பாடு அமெரிக்காவின் துணை ஜனாதிபதியான அதே ஹம்ஃப்ரி, தெற்கு டகோட்டாவின் ஹியூரான் ஊரில் அப்பாவின் மருந்துக்கடையில் வேலை பார்த்தவர். கவுண்டருக்கு அந்தப் பக்கம் நின்று பழகியவர்கள் எழுதிய சட்டம் என்பது அதன் பட்டியலிலேயே தெரிகிறது. சீட்டு இருந்தால் மட்டுமே தரக்கூடிய மருந்தின் லேபிளில் கடையின் பெயர், முகவரி, சீட்டின் வரிசை எண், தேதி, எழுதிய டாக்டரின் பெயர் இருக்க வேண்டும். சீட்டில் இருந்தால் நோயாளியின் பெயரும், சாப்பிடும் முறையும், எச்சரிக்கையும் இருக்க வேண்டும். கவனியுங்கள், இந்தப் பட்டியலில் மருந்தின் பெயர் இல்லை! நோயாளி என்ன சாப்பிடுகிறார் என்பது அவருக்குத் தெரிய வேண்டியதில்லை என்ற பழைய எண்ணம் அன்றைக்கும் விட்டுப்போகவில்லை. (இந்த மாதிரி லேபிளை நம்மூர் மருந்துக்கடையில் தேடாதீர்கள். இங்கே சின்ன உறையின் மேல் பேனாவால் 1–0–1 என்று எழுதித் தருவதே பெரிய காரியம்.)

இத்தனை விவரத்தையும் இரண்டு அங்குல அகலக் காகிதத்தில் கையால் எழுதிப் பாருங்கள். இருநூறு சீட்டு வருகிற கடையில் மாலைக்குள் கை கழன்றுவிடும். டைப்ரைட்டர் கட்டாயமாயிற்று. ஆனால் டைப்ரைட்டர் நீளத் தாளுக்காகச் செய்யப்பட்டது, லேபிள் அதற்குப் பிடிக்காத தீனி. ரப்பர் உருளையின் வளைவில் சிறிய காகிதம் ஒட்டி நிற்காது. கடைசி வரியை அடிக்கும்போது அடிப்பக்கம் பிடியை விட்டு வெளியே வந்து எழுத்து கோணலாகும். பின்புறப் பசை ஈரக்காற்றில் இளகி உருளையில் ஒட்டும். கைப்பழக்கமுள்ளவர்கள் ஒரு சாதாரணத் தாளில் குறுக்கே சின்ன மடிப்பு எடுத்து அதை உருளையில் ஏற்றுவார்கள். மடிப்பு ஒரு பை மாதிரித் திறந்திருக்கும். லேபிளின் விளிம்பை அந்தப் பைக்குள் சொருகிப் பின்னுக்குத் திருப்பினால், தாள் தாங்கிக்கொள்ள லேபிள் ஆடாமல் நிற்கும். அட்டை, லேபிள் அடிப்பதற்கென்றே உலோகப் பிடி வைத்த உருளைகளும் விற்பனைக்கு வந்தன. லேபிள்களைத் தனித்தனியாகத் தராமல் நீளச் சுருளாகத் தந்தபின் சிக்கல் பாதி குறைந்தது. அடிக்க வேண்டியது, கிழிக்க வேண்டியது, அடுத்தது தானாக மேலே வரும்.

எழுத்தின் பருமனிலும் கணக்கு உண்டு. பைக்கா எழுத்து அங்குலத்துக்கு 10. எலைட் 12. இரண்டு அங்குல லேபிளில் ஒரு வரிக்கு 20 எழுத்தா, 24 எழுத்தா என்பதில் டாக்டரின் முழுப்பெயர் நிற்குமா நிற்காதா என்பது அடங்கியிருக்கிறது. மருந்துக்கடைக்கு எலைட்தான் சரி. பார்வை மங்கிய கிழவருக்கு அந்த எழுத்து தெரியுமா என்று கேட்டால் பதில் சொல்வது கஷ்டம். அந்தக் குறை இன்னும் தீர்ந்தபாடில்லை.

கட்டாயமாகிவிட்ட அந்த இயந்திரத்தில் எந்தக் குறிக்கு வேலை இருந்தது? ஒன்றே ஒன்றுக்கு. ℞, அதன் பக்கத்தில் சீட்டின் வரிசை எண். மறுபடி மருந்து வாங்க வருகிறவர் அந்த எண்ணைச் சொன்னால் போதும், பழைய சீட்டை எடுத்துவிடலாம். டிராமையும் அவுன்ஸையும் மினிமையும் யாரும் தொடவில்லை. காரணம் லேபிள் மட்டுமில்லை, மருந்தே மாறிவிட்டது. 1920-களில் வந்த சீட்டுகளில் பெரும்பாலானவை கடையில் இடித்து, அரைத்து, கலக்கித் தர வேண்டியவை. 1930-களில் சல்ஃபா மாத்திரைகள், 1940-களில் பென்சிலின், அடுத்து வந்தவை எல்லாம் தொழிற்சாலையிலிருந்து மில்லிகிராம் அச்சிட்டே வந்து இறங்கின. 1970-க்குள் மருந்தாளர் கலக்கித் தருவது அபூர்வமாகிவிட்டது. எண்ணிப் போட்டு லேபிள் ஒட்டுவதுதான் மிச்சம்.

இன்னொரு வேடிக்கை. அமெரிக்காவின் அதிகாரபூர்வ மருந்து நூல் மெட்ரிக் அளவுக்கு மாறியது 1890-ஆம் ஆண்டுத் திருத்தத்திலேயே. அதாவது, பிளிக்கென்ஸ்டெர்ஃபர் சிகாகோவில் தம் சக்கரத்தைக் காட்டிய காலத்திலேயே. டிராம் விசை வைத்த டைப்ரைட்டர்கள் தொழிற்சாலையிலிருந்து வெளிவந்த அத்தனை ஆண்டும், நூலின்படி டிராம் பழங்கணக்கு! டாக்டர்கள் விடவில்லை. மருத்துவக் கல்லூரியில் எந்தக் கணக்கில் கை பழகியதோ அதே கணக்கில்தான் ஓய்வுபெறும்வரை எழுதினார்கள். பிரிட்டனில் 1971 ஜனவரி 1 முதல் மருந்துக்கு மெட்ரிக் அளவு கட்டாயம் என்று ஆக்கிய பிறகுதான் டிராமும் மினிமும் ஒழிந்தன.

டைப்ரைட்டர் கம்பெனிகள் குறிகளுக்குச் சுலபமான வழி கண்டுபிடித்த காலமும் இதுவே என்பதை என்னவென்று சொல்ல! 1960-களில் ஸ்மித்-கோரோனா, ஈயப்பற்று எதுவும் இல்லாமல் கையாலேயே கழற்றி மாட்டும் எழுத்தச்சைக் கொண்டுவந்தது. விசையின் தொப்பியும் கூடவே கழன்று வரும். டைப்பிட் என்ற சிறு கருவியும் அப்போதுதான் வந்தது. எழுத்தச்சு வைத்த சிறு பிளாஸ்டிக் துண்டைத் தாளின் முன்னே நுழைத்து, ஏதாவது ஒரு விசையைத் தட்டினால் டைப் பார் வந்து அதன் முதுகில் அடிக்கும், குறி தாளில் விழும். 1961-ல் ஐ.பி.எம். செலக்ட்ரிக் வந்தது, 88 எழுத்துள்ள பந்து, கழற்றி மாற்றலாம். ஹாமண்ட் எண்பது ஆண்டுக்கு முன் சொன்னதுதான். 84 எழுத்துக்குள் அடங்க வேண்டிய நெருக்கடி தீர்ந்தது. கணிதக்காரர்களும் வேதியியல்காரர்களும் வாங்கிக் கொண்டாடினார்கள். மருந்துக்கடைக்கு அதற்குள் தேவை தீர்ந்துபோயிருந்தது.

டைப்ரைட்டர் மட்டும் இன்னும் சில காலம் அங்கே தட்டிக்கொண்டிருந்தது. 1980-களில் கணினியும் புள்ளி அச்சுப்பொறியும் வந்து லேபிள் வேலையைப் பிடுங்கிக்கொண்டன. வேலை மாறவில்லை. சுருளாக வரும் லேபிள், மேலே கடையின் பெயர், கீழே ℞ எண்.

பழைய குறிகளைப் பார்த்துப் பயப்படுகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். மருந்துப் பிழைகளை ஆராயும் அமெரிக்க அமைப்பான பாதுகாப்பான மருந்து நடைமுறைகளுக்கான நிறுவனம், தவறுக்கு இடம் தருவதால் எழுதக்கூடாத சுருக்கங்கள் என்று ஒரு பட்டியல் வெளியிட்டிருக்கிறது. அதில் டிராம் குறியும் மினிம் குறியும் இடம்பெற்றன. டிராமை 3 என்று படித்துவிடுகிறார்கள், மினிமை மில்லிலிட்டர் என்று படித்துவிடுகிறார்கள் என்பது காரணம். ஒரு மினிம் 0.06 மில்லிலிட்டர். தப்பாகப் படித்தால் மருந்து 16 மடங்கு. எந்தக் குழப்பத்துக்கு இடம்தராமல் தெளிவான அச்சாக வடித்துக் கொடுத்தார்களோ, அந்தக் குழப்பம் விசையால் தீரவில்லை, குறியை ஒழித்ததால்தான் தீர்ந்தது. விசைப்பலகையில் போட்ட உழைப்பை நினைத்தால் பாவமாக இருக்கிறது. ஆனால் ஒழித்தது சரி. இந்தியாவில் 2016-ல் மருத்துவக் கவுன்சில் தன் நடத்தை விதியைத் திருத்தி, மருந்தின் பெயரைத் தெளிவாகவும், கூடியவரை பெரிய எழுத்திலும் எழுதச் சொன்னது. விதி வந்த பிறகும் சீட்டுகள் எப்படி இருக்கின்றன என்பதை வாசகர்களே பார்த்துக்கொள்ளலாம்.

குறிகள் முற்றிலும் அழிந்துவிடவும் இல்லை. யூனிகோடு அட்டவணையில் ℞, ℥, ℈ மூன்றுக்கும் தனித்தனி எண் கொடுத்து வைத்திருக்கிறார்கள். டிராமுக்குத் தனி இடமில்லை. ஒலிப்பியல்காரர்கள் பயன்படுத்தும் ʒ எழுத்திலேயே அதற்கும் ஒட்டுக்குடித்தனம். உங்கள் கைபேசியில் இந்தக் கட்டுரையின் குறிகள் சரியாகத் தெரிந்தால் காரணம் அதுதான்.

நம் பக்கத்துப் பழைய மருந்துக்கடைகளிலும், டாக்டர் குடும்பங்களின் பரண்களிலும் ஆங்கில டைப்ரைட்டர்கள் இன்னும் கிடக்கின்றன. வீட்டில் ஒன்று இருந்தால் வலது ஓரத்து விசைகளைத் துடைத்துப் பாருங்கள். பின்னமும் விலைக்குறியும் இருக்க வேண்டிய இடத்தில் ℞-ஓ அவுன்ஸோ இருந்தால் படம் எடுத்து ஆசிரியருக்கு அனுப்புங்கள். பழைய இரும்புக்குப் போடுவதற்கு முன் அனுப்புங்கள்.

அடுத்த இதழில்: சான் பிரான்சிஸ்கோக்காரர் கீட்டன் 1936-ல் காப்புரிமை பெற்ற, 14 விசையில் இசைக்குறிகளை அடிக்கும் இயந்திரம்.